ஒரு கூரைக்கு இரண்டு சிலுவை

அரெக்கிப்பா,
டிசம்பர் 14, ஞாயிறு

அன்பு மகள் மிலுஸ்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அப்பாவின் இடுப்புவலி போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலை. நீ ஜெனோவா குளிரில் ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால்தான் எனக்கு இங்கே சாப்பாடு இறங்கும். நீ பார்த்துக்கொள்ளும் அந்த முதலாளியம்மாவுக்கு இருமல் நின்றதா, அதையும் எழுது. எதிர்வீட்டுப் பெண் இந்த வாரம் இத்தாலிக்குப் புறப்படுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் கோபத்தில் பாதியை விழுங்கிவிடுவேன். முதலில் நல்ல சேதி. உன் மாடிக்குப் போட்ட கூரை நின்றுவிட்டது. சென்ட்ரிங் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது, ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி, ஏனென்றால் கூரை போட்ட அன்று எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று உன்னிடம் சொன்னேனே, அது முழு உண்மை இல்லை.

கீழ்வீட்டை மொத்தமாக ஓர் ஒப்பந்தக்காரரிடம் விட்டு நாம் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதனால்தான் மாடியை நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். மேஸ்திரி அபுந்தியோவுக்கு நாள் கூலி, பொருளெல்லாம் என் பொறுப்பு. அப்பா முதல் நாளே, பஸ்ஸைக் கொடு ஓட்டுகிறேன், சிமெண்டுக் கடைக்காரனோடு பேரம் பேச என்னால் ஆகாது என்று கையைத் தூக்கிவிட்டார். சந்தையில் இருபது வருடம் உருளைக்கிழங்கு விற்றவளுக்குப் பேரம் ஒரு பாரமா. மணல் வந்தால் ஒரு பிடி எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குவேன், சேறாகக் கலங்கினால் லாரி வந்த வழியே போக வேண்டியதுதான். ஒரு டிரைவர், "அம்மா, இது வீடு கட்டுறதுக்கு, சூப்பு வைக்கிறதுக்கு இல்ல" என்று கிண்டல் செய்தான். "சூப்பு கெட்டா கீழ கொட்டிடலாம்பா, கூரை கெட்டா எங்க கொட்டுறது" என்று திருப்பி அனுப்பினேன். கம்பியை விலை ஏறும் முன்பு ஆகஸ்டிலேயே வாங்கி நடையில் நீட்டிப் போட்டுவிட்டேன், மூன்று மாதம் அப்பா அதைத் தாண்டித் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போனார். ஜன்னல்கள், இடித்துப்போட்ட ஒரு பழைய ஹோட்டலில் இருந்து வந்தவை, அளவுக்கு ஜன்னல் தேடாமல் ஜன்னலுக்கு ஏற்றபடி சுவரில் இடம் விடச் சொன்னேன், பாதி விலையில் முடிந்தது. சென்ட்ரிங் பலகையில் பிடுங்கின ஆணியை எல்லாம் அப்பா உட்கார்ந்து சுத்தியலால் நிமிர்த்தினார், இடுப்புவலிக்கு அதுதான் காரணம் என்கிறார், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு சாமர்த்தியமும் கடைசியில் எங்கே வழுக்கியது என்றால் ஞானத்தகப்பன் விஷயத்தில். கூரை போடும் நாளில் கூரைக்கு ஞானத்தகப்பனாக ஒருவரை நிறுத்துவோம், அவர் பூச்சுற்றிய சிலுவையோடு வருவார், வேலை முடிந்ததும் கயிற்றில் தொங்கும் பாட்டிலைச் சுத்தியலால் உடைப்பார், அந்த மரியாதைக்குப் பதிலாகத் தன்னால் முடிந்ததை வீட்டுக்குச் செய்வார், இதெல்லாம் நீ பார்த்து வளர்ந்ததுதான். நான் கணக்குப் போட்டேன். கலவை மெஷின் வாடகை ரொம்ப அதிகம், அப்பாவின் சிநேகிதர் சத்துர்னினோ சொந்தமாக மெஷின் வைத்திருக்கிறார். அவரிடம் போய், அண்ணே நீங்கள்தான் கூரைக்கு ஞானத்தகப்பன் என்றேன், மனுஷர் கண் கலங்கி, மெஷின் இலவசம் தங்கச்சி என்றார். அடுத்த வாரமே அவர் இலோ துறைமுகத்தில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், இனி வரமாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் உர்சுலினா அத்தையின் இரும்புக் கடைக்குப் போய், அண்ணி, சுத்தியல் உங்கள் கைக்குத்தான் என்றேன். என் நாத்தனார் சும்மா ஒரு ஆணி தரமாட்டாள், அன்றைக்குப் பதினைந்து மூட்டை சிமெண்டும் கட்டுக்கம்பியும் ஏற்றி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து சத்துர்னினோ போன் செய்து, மெஷினோடு ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வந்துவிடுவேன் என்கிறார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மெஷினும் இலவசம் சிமெண்டும் இலவசம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று வாயை மூடிக்கொண்டேன். யாராவது ஒருவருக்கு அன்று பல் வலி வராதா என்றுகூட வேண்டிக்கொண்டேன், கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெஷின் சுற்ற ஆரம்பித்தது. சொந்தக்காரர், அக்கம்பக்கம் எல்லாமாக முப்பது பேர், பலகைச் சரிவில் தோளில் டின்னோடு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள், நான் கீழே பெரிய பானையில் பன்றிக்கறி வைத்துக்கொண்டிருந்தேன். சத்துர்னினோ தன் சிலுவையை இன்னும் வண்டியிலேயே வைத்திருந்தார். பதினோரு மணிக்குக் கூரை சரிபாதி ஆகியிருந்தது, அந்த நேரம் பார்த்து உன் அத்தை புது உடுப்பில், ஆளுயரச் சிலுவையும் ஆறு பெட்டி பீருமாக வந்து இறங்கினாள், இறங்கினவள் சும்மா இருக்காமல், "ஞானத்தாய் வந்தாச்சு, சுத்தியல் எங்க" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டாள். சத்துர்னினோ அவளைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நான் யாரு தங்கச்சி, மெஷினுக்குக் கூட வந்த கூலியா" என்று கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தைக்கும் விஷயம் புரிந்து முகம் சிவந்துவிட்டது. மேஸ்திரி மேலிருந்து இறங்கி வந்து என் காதோடு சொன்னார், "அக்கா, வெயில் இப்படி அடிக்குது, ஒரு மணி நேரம்தான் தாங்கும். அதுக்கு மேல போனா பழசும் புதுசும் ஒட்டாது. மழை அங்கதான் இறங்கும், பூமி ஆடினா அங்கதான் பிளக்கும்." ஆறு வருடம் நீ அடுத்தவர் வீட்டில் படுக்கை மாற்றிச் சம்பாதித்தது பாதிக் கூரையாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது, கூரை போட்டதும் வந்துவிடுகிறேன் அம்மா என்று நீ சொன்னதும் அதோடு சேர்ந்து காய்கிறது. எல்லாம் ஒரு நாள் மெஷின் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய்.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நீ பார்த்ததில்லை, உன் அப்பாவும் பார்த்ததில்லை. அன்று வண்டிக் கதவைத் தட்டி, எல்லோரும் பார்க்கவே கேட்டேன். "அண்ணே, தப்பு என்னோடதுதான். ஒரே கூரையை ரெண்டு பேருக்கு வித்துட்டேன். என் மேல கோபப்படுங்க, என் மக என்ன பண்ணினா" என்றேன். அவர் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அப்படியானால் வாடகையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கத்தினேன், அது இன்னும் வினையாகிவிட்டது, மனுஷர் முகத்தையே திருப்பிக்கொண்டார். அத்தை ஒரு பக்கம், சிமெண்டைத் திருப்பிக் கொடு என்று ஆரம்பித்தாள், நான் என்ன கூரையிலிருந்து சுரண்டியா கொடுப்பேன். அப்போதுதான் உன் அப்பா, இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து மண்வெட்டியை எடுத்தார். தரையில் மணலையும் ஜல்லியையும் குவித்து, ஒரு மூட்டை சிமெண்டைக் கிழித்துக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கையாலேயே கலக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர், பத்து பேர் மண்வெட்டி எடுத்தார்கள். ஆனால் உன் அப்பாவுக்குக் கலவை போடத் தெரியாது, தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுகிறார். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். வண்டிக் கண்ணாடி இறங்கியது. "டேய், அது கான்கிரீட்டா கஞ்சியா, இதையா அந்தப் பொண்ணு தலைக்கு மேல போடப்போற" என்று சத்துர்னினோவின் குரல். அப்பா நிமிராமல், "மெஷின் இல்லாதவன் கஞ்சிதான் காய்ச்சுவான்" என்றார். மனுஷரால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. இறங்கி வந்து அப்பாவின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி எறிந்தார், மெஷினை ஓட்டினார், எங்கள் ஒருவரையும் பார்க்காமல் வேலையைப் பார்த்தார். பதினோரு மணி ஐம்பதுக்கு முதல் டின் மறுபடி மேலே ஏறியது. உன் அத்தையும் புது உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு, திட்டிக்கொண்டேதான், டின் கைமாற்றும் வரிசையில் நின்றாள்.

மூன்று மணிக்கு முடிந்தது. பாட்டிலைக் கட்டிவிட்டு இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சுத்தியல் கொடுத்தேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சத்துர்னினோ அடித்தது கயிற்றில் பட்டது. "மெஷின் ஓட்டுற கைக்குச் சுத்தியல் வராது" என்று அத்தை ஒரே போடாகப் போட்டாள், பாட்டில் உடைந்து இரண்டு பேர் மேலும் தெறித்தது, அவரும் சிரித்துவிட்டார். இரண்டு சிலுவையும் கூரையில்தான் நிற்கின்றன. தெருவில் நம் வீட்டுக்கு இப்போது கல்லறை என்று பெயர், சொல்லிவிட்டுப் போகட்டும். வாடகையில் மிச்சம் பிடித்தது என்று பார்த்தால் ஒன்றும் இல்லை, இரண்டு பக்கத்துச் சொந்தமும் சாப்பிட உட்கார்ந்ததில் கறி தீர்ந்து இன்னொரு பன்றி வாங்க வேண்டியதாயிற்று.

ஆனாலும் அந்த நடுக்கோடு என் மனதை விட்டுப் போகவில்லை. கூரைமேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, மூன்று வாரம் தினமும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். முட்டுகளைத் தட்டி எடுத்த அன்று மேஸ்திரி எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னார், நான் கேட்கவில்லை, உள்ளேயே நின்றேன், அப்பாவும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு டிசம்பர் ஐந்தாம் தேதி பூமி ஆடியதே, உனக்கும் செய்தி வந்திருக்கும், நாய்களெல்லாம் குரைக்க நாங்கள் தெருவுக்கு ஓடிவிட்டோம். திரும்பி வந்து மேஸ்திரியை வரவழைத்தோம், அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூரை முழுவதும் விரலால் தடவிப் பார்த்தார், எந்த இடத்தில் நின்றது எந்த இடத்தில் தொடர்ந்தது என்று அவருக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றுதான் ஒரு மாதத்துக்கு அப்புறம் முழுசாகத் தூங்கினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதுதான் முக்கியம். போன வாரம் நீ அப்பாவிடம், இன்னும் இரண்டு வருடம் இருந்தால் மேலே இன்னொரு மாடியும் கட்டி வாடகைக்கு விடலாம் என்று சொன்னாயாம். இங்கே எல்லா வீட்டிலும் தூண் கம்பியை மேலே ஆள் உயரத்துக்கு விட்டு வைக்கிறார்கள், பிள்ளைகள் அடுத்த மாடி கட்டுவார்கள் என்று, அந்தக் கம்பி துருப்பிடிக்கும், பிள்ளைகள் எங்கேயோ அதற்காக உழைத்துக்கொண்டே இருப்பார்கள். நம் கூரையிலும் அப்படித்தான் நின்றது. வியாழக்கிழமை மேஸ்திரியைக் கூப்பிட்டு, அறுத்துவிடுங்கள் என்றேன். மேஸ்திரி, "அக்கா, இந்தத் தெருவுல யாரும் இப்படிச் செஞ்சதில்ல. நாளைக்கு உங்க பொண்ணு இன்னொரு மாடி கட்டணும்னு சொன்னா என்ன பண்ணுவீங்க" என்று கேட்டார். "அதுக்குத்தான் அறுக்கச் சொல்றேன்" என்றேன். எட்டுத் தூண் கம்பியையும் கூரை மட்டத்துக்கு அறுத்துப் பூசியாகிவிட்டது. இனிமேல் காசு அனுப்பாதே கண்ணு, டிக்கெட் எடு.

நீ போகிற வழியெல்லாம் தேவமாதா துணை வருவாள், உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராது. முதலாளியம்மாவிடம் முகம் கோணாமல் சொல்லிக்கொண்டு வா, அவர்களுக்கு வேறு ஆள் பார்த்துக் கொடுத்துவிட்டு வா. ஜனவரி மழைக்கு முன்னால் வர முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் பரவாயில்லை, கூரை ஒழுகாது.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
எர்மெலிந்தா
(அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கடிதத்தைப் படிக்காமலே.)