சித்திரைக்கு முந்தச் சொல்கிறார்கள்

பசறை
30.3.2006

அன்பு மகன் சுரேசுக்கு அம்மா எழுதுவது. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கலண்டரில் ஏப்ரல் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அந்த மாதமே இல்லாமல் போனால் உன் தங்கை நிம்மதியாகப் பிள்ளை பெறுவாள் என்று ஒரு ஆசை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எங்கள் சுகத்தைச் சொல்கிறேன், அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கோபம், மற்றபடி குறையில்லை.

சுதர்ஷினிக்கு மே முதல் கிழமைதான் நாள், தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், அவசரம் ஒன்றுமில்லை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவளுடைய மாமியாருக்குத்தான் அவசரம். தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் தகப்பனுக்கு ஆகாதாம், அதனால் வருசப்பிறப்புக்கு முன்னால் வயிற்றைக் கீறி எடுத்துவிட வேண்டுமாம். பதுளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏப்ரல் பத்தாம் திகதியைக் குறித்தும் ஆயிற்று. அங்கே டொக்டர் முதலில் முகம் சுளித்தாராம், பிறகு நல்ல நேரம் எத்தனை மணிக்கு என்று கேட்டாராம்.

மூன்று நாலு கிழமை முந்திப் பிறக்கும் பிள்ளைகளின் மூளையைப் படம் பிடித்து ஆராய நீ கடல் கடந்து போயிருக்கிறாய், உன் தங்கை வீட்டில் அதற்கு ஆள் தயார் செய்கிறார்கள். கடைசிக் கிழமைகளில்தான் மூளை வேகமாக வளர்கிறது, மடிப்புகள் விழுகின்றன என்று நீ எழுதியதைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். சம்பந்தியம்மா பொறுமையாகக் கேட்டார். "மடிப்பெல்லாம் வெளிய வந்தும் விழும் சம்பந்தி. தம்பி மூளையைப் படிச்சிருக்கு, சாதகம் படிச்சிருக்கா?" என்றார். பேக்கரி நடத்துகிற மனுசி, பாண் வேகும்வரை போறணைக் கதவைத் திறக்க யாரையும் விடமாட்டார், பேரப்பிள்ளைக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடையாது. உன் அப்பாவோ, ஸ்கேன் மெஷினுக்குப் பக்கத்தில் நீ நிற்கிற படத்தை பிரேம் போட்டு மாட்டி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார், இதைக் கேட்டால் அது அவங்க வீட்டு விசயம் என்கிறார். உலகமே உன் ஆராய்ச்சியை எதிர்பார்ப்பதாக எழுதியிருந்தாய், இங்கே நீ சுவரில் தொங்குவதோடு சரி.

நான் புறப்படும்போது சுதர்ஷினி வாசல்வரை வந்து, "பயமா இருக்கும்மா, அத்தைகிட்ட நான் எப்படிச் சொல்றது" என்றாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, தினமும் நூடில்ஸைத் தின்று வயிற்றைக் கெடுக்காதே. எடுத்த காரியம் முடித்து நல்லபடியாக வந்து சேர மாரியம்மன் துணையிருப்பாள்.

ஒன்று சொல்கிறேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதும் சம்பிரதாயம்தானே, வலி வந்தால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற இந்த ரோட்டு வளைவுகளுக்குப் பயந்து நாங்கள்தான் அதை விட்டுக்கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை பூ, பழத் தட்டோடு போய் முறைப்படி அவளைக் கூட்டி வரப் போகிறேன், சம்பிரதாயத்துக்கு உயிரை விடுகிற சம்பந்தியம்மா எப்படி மறுக்கிறார் என்று பார்க்கிறேன். வலி கண்டால் பக்கத்து வீட்டு ஹாஷிமின் வேன் இருக்கிறது. பிள்ளை தானாக வரும்வரை அவளைத் திருப்பி அனுப்பமாட்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
உன் அம்மா