லெதர் சீட் அம்மாவுக்குத்தான்

மேலகரம், தென்காசி
ஜனவரி 20

அன்பு மகன் ஜெஸ்வினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இது. இந்தத் தடவை அப்படி எழுத வரவில்லை. பயப்படாதே, யாரும் படுக்கையில் விழவில்லை. எனக்குத்தான் அலுத்துப்போய்விட்டது.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் நான் பேசவேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினாலும் அதில் எழுத்துப்பிழை கண்டுபிடித்து உரக்கப் படித்துக் காட்டுவார். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பரீது லீவு முடிந்து ஷார்ஜாவுக்குப் புறப்படுகிறான் என்றதும் உட்கார்ந்து எழுதுகிறேன். நார்த்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள். ஜெஸியும் படிக்கட்டும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

விஷயம் நீ புக் பண்ணிய புதுக் காரின் சீட்டுதான். சிரிக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை நான் லெதர் சீட்டே போடலாம் என்று சொன்னதற்கு நீ, "அம்மாவுக்கு இந்த வயசுல பவுசு கேக்குதோ" என்றாய். பின்னால் ஜெஸி சிரிக்கிற சத்தமும் கேட்டது. "அத்தை மகாராணி மாதிரி போகணும்னு நினைக்காங்க போல" என்றாள். அப்பாவும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். உள்ளே போய் அழுதேன் என்பதை மறைக்க என்ன இருக்கிறது? நாற்பது ரூபாய் செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டு உன்னைப் படிக்கவைத்தவளுக்கு இப்போது தோல் சீட்டுதான் குறையா? அப்பா சொன்னபடி துணி சீட்டையே போட்டுவிடலாம் என்று நீ முடிவாகச் சொல்லிவிட்டாய். ஷோரூம் பெண் இந்த வாரத்துக்குள் கடைசியாகச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் இது உன் கையில் கிடைக்கவேண்டும்.

ஜெஸ்வின், அப்பாவுக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று போன வருஷம் உனக்குச் சொன்னோம். முடிந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அவருக்குச் சிறுநீர் நிற்பதில்லை. எழுந்தால், தும்மினால், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அவரை அறியாமலே போய்விடுகிறது. சிலருக்குச் சரியாக நாள் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னார். அதுவரை கட்டிக்கொள்ள பேம்பர்ஸ் எழுதிக்கொடுத்தார். அப்பா அதை ஒரு தடவை கட்டிப் பார்த்துவிட்டு, "நான் என்ன தொட்டில் பிள்ளையாடீ?" என்று பீரோவுக்கு மேலே தூக்கி வைத்தவர்தான். அது அங்கேயே தூசி படிந்து கிடக்கிறது. மறுபடி டாக்டரிடம் போகவும் மாட்டேன் என்கிறார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வேதப் புத்தகத்தின் மேல் கைவைக்கச் சொன்னார். சத்தியத்தை மீறி எழுதுகிறேன், அந்தக் கணக்கைக் கர்த்தரிடம் நான் தீர்த்துக்கொள்கிறேன்.

ஜூலையில் அச்சன்புதூரில் ஒரு கல்யாணம். வழக்கம்போல வாடகைக் கார் சுடலைமுத்துதான் கூட்டிப்போனான். திரும்பி வரும்போது நம் தெருமுனை வந்ததும், அப்பா திடீரென்று, "ஏலே சுடலை, வீட்டுக்கு விடாத. நேரே ஐந்தருவிக்கு விடு, ஒரு குளியலைப் போட்டுட்டு வந்துருவோம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்யாணத்துக்கு உடுத்திய பட்டுக்கரை வேட்டி, தேய்த்த சட்டை. அங்கே போனதும் கண்ணாடியையும் வாட்சையும் என் கையில் கொடுத்துவிட்டு, உடுத்தியிருந்த துணியோடேயே அருவிக்குள் போய் நின்றார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற வெளியூர்க்காரர்கள் எல்லாம் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தாம்பூலப் பையைப் பிடித்துக்கொண்டு சாரலில் நின்றேன். சொட்டச் சொட்ட வந்து காரில் ஏறினார். அவர் ஏறுவதற்கு முன்னால்தான், வரும்போது அவர் உட்கார்ந்திருந்த இடம் ஏற்கெனவே நனைந்திருந்ததைப் பார்த்தேன். சுடலைமுத்து அதைப் பார்க்காமல், "அண்ணாச்சிக்கு இந்த வயசுலயும் ஆசையைப் பாருங்க ஆச்சி" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். சீசனில் குற்றாலத்தில் கார் ஓட்டுகிறவன் சீட் நனைவதைப் பற்றிக் கவலைப்படுவானா? நனையாமல் ஏறுகிறவர்தான் அங்கே அதிசயம்.

உங்கப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த மனுஷர். ஒரு வழி அடைத்தால் மறுவழி பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? அதற்குப் பிறகு பேங்குக்குப் போனாலும் நம் சபைக் கோயிலுக்குப் போனாலும் திரும்பும்போது அருவி வழிதான். மூலிகைத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் என ஊரெல்லாம் சொல்லிவைத்தார். நம் சபையில் இரண்டொருவர் அதை நம்பி தாங்களும் குளிக்கப் போனார்கள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். ஆபரேஷன் செய்த உடம்பு, ஈரத்தோடு வந்து இருமுவார். ஆனாலும் வெளியே போகிறாரே, நாலு பேரைப் பார்க்கிறாரே என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தவேண்டியதாகிவிட்டது. அப்பா எழுந்துவிட்டார். இப்போது விரிப்புகளை அலசிப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். மாடியில் காயப்போட முடியாது, தெருவுக்குத் தெரியும். பின்பக்கம் கிணற்றடியில்தான் கொடி கட்டியிருக்கிறேன். அங்கே வெயில் விழாது. சாரல் மாதங்களில் ஒன்றும் காயாமல் நான் பட்ட பாட்டை உன்னிடம் போனில் "முட்டி வலிக்குப்பா" என்று மட்டும் சொன்னேன். முட்டியும் வலிக்கத்தான் செய்கிறது. பால்காரர் வருவதற்குள் அலசி முடித்துவிட வேண்டும், அதுதான் என் நாளின் முதல் வேலை. அப்பாவுக்கு அது தெரியும். நான் உள்ளே வருகிறவரை கண்ணை மூடிக்கொண்டே படுத்திருப்பார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, மலையில் நல்ல மழை. ஆராதனை முடிந்து ஐந்தருவிக்குப் போனால் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் விடுங்கள், ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடுகிறேன் என்று போலீஸ்காரரிடம் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. போலீஸ்காரர் விசிலை ஊதி, "பெரியவரே, உசிரு வேண்டாமா?" என்று விரட்டினார். திரும்பி வந்து காருக்குப் பக்கத்தில் நின்றார். ஏறவில்லை. சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். சுடலைமுத்து அவரைப் பார்த்தான். டிக்கியைத் திறந்து பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துச் சீட்டில் விரித்து, அதன்மேல் தன் தோளில் கிடந்த துண்டையும் விரித்தான். "உக்காருங்க அண்ணாச்சி. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இதுல என்ன இருக்கு" என்றான், மெதுவாக.

அவன் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. பெற்ற பிள்ளை செய்கிற காரியம். ஆனாலும் உங்கப்பா அடுத்த ஞாயிறு அவனைக் கூப்பிடவில்லை. அவன் வண்டி ஓட்டுவது சரியில்லை என்று உன்னிடம் சொன்னாரே, அதன் நிஜம் இதுதான். காய்கறிக் கடையில் என்னைக் கண்டால் சுடலைமுத்து, "ஆச்சி, அண்ணாச்சிக்கு எம்மேல என்ன கோவம்?" என்று கேட்கிறான். நான் கத்தரிக்காய் விலை கேட்பதுபோல நகர்ந்துவிடுகிறேன்.

அதிலிருந்து அப்பா வீட்டுப்படி இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போகவில்லை. சபையில் எல்லோருக்கும் சோறு போடுகிற அசனத்துக்குக் காய்கறி வருஷா வருஷம் அவர் பொறுப்பு, அண்டா பக்கத்தில் நின்று உப்புப் பார்ப்பதுகூட அவர்தான். இந்த வருஷம் போனிலேயே மார்க்கெட்டுக்குச் சொல்லிச் சரக்கை அனுப்பினார். அவர்கள் சோறும் சாம்பாரும் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் தொடவில்லை. குருவானவரோடு ஏதோ மனஸ்தாபம் என்று நீ நினைத்தாய். கார் இல்லாததுதான் கஷ்டம் என்று புதுக் காரும் புக் பண்ணிவிட்டாய். நல்ல மனசு உனக்கு. அவர் தானே ஓட்டுவேன் என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நான் ஸ்தோத்திரம் சொன்னேன். டிரைவர் கிடையாது, பார்க்க ஆள் கிடையாது அல்லவா?

ஷோரூமுக்கு மட்டும்தான் படி இறங்கினார், டவுன் பஸ்ஸில் போனோம். பாதி பஸ் காலி. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். நானும் கூடவே நின்றேன். கண்டக்டர், "இடம் கெடக்கே, உக்காந்தா என்ன?" என்று கேட்டார். இடுப்புப் பிடிப்பு என்றார் அப்பா.

ஷோரூமில் லெதர் சீட்டை, கத்தரிக்காய் மூட்டையை அமுக்கிப் பார்ப்பதுபோல அமுக்கிப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது, ஜெஸ்வின். சத்தியமாகப் பிடித்திருந்தது. உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றார். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண், நல்லது சொல்வதாக நினைத்து, "வீட்ல சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க இருந்தா லெதர்தான் சார் பெஸ்ட். எது ஆனாலும் துடைச்சிரலாம். துணின்னா ஊறிரும், வாடை போகாது" என்றாள். அப்பா கையை எடுத்துவிட்டார். "வெயிலுக்கு லெதர் சுடும்மா, துணியே போடு" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போதும் நின்றுகொண்டே வந்தோம்.

துணி சீட் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை ஓட்டுவார். ஒரு நாள் நனையும். ஊறும். அதற்குப் பிறகு காரைத் தொடமாட்டார். உன் கார் ஷெட்டில் நிற்கும், அவர் ஜன்னல் பக்கம் நிற்பார். இப்போதே பேச்சு குறைந்துவிட்டது. பிறகு கவர் போட்டுக்கொள்ளலாம் என்பாய். கவர் போடுகிற அன்றைக்கு, எதுக்கு இது என்று அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். அவருக்காகத்தான் என்று என் முகத்திலேயே எழுதியிருக்கும். வரும்போதே லெதராக வந்தால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

அதனால் நீ இப்படிச் செய். ஷோரூமுக்கு நீயே போன் போட்டு லெதர் என்று சொல்லிவிடு. பிறகு அப்பாவிடம் பேசு. "அம்மா நச்சரிப்பு தாங்கலப்பா, பவுசுக்கு அலையுதாங்க, போட்டுக் குடுத்துத் தொலைச்சிட்டேன்" என்று சொல். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன், பரவாயில்லை, இன்னும் நாலு வார்த்தை கூடவே சொல். ஜெஸியும் நன்றாகச் சிரிக்கட்டும். அவர் என்னைத் திட்டுவார். திட்டினால் சோறு இறங்கும் அவருக்கு. ஆபரேஷன், டாக்டர், உடம்பு என்று ஒரு சொல் உன் வாயில் வரக்கூடாது. குரலில் இரக்கம் வந்துவிடக்கூடாது, அதை அவர் கண்டுபிடித்துவிடுவார். சுடலைமுத்துவுக்கு நடந்தது உனக்கு நடக்கக்கூடாது. அவன் வாடகைக் காரோட்டி, நீ ஒரே பிள்ளை.

ஜூலை லீவுக்கு நீங்கள் வருவீர்கள் அல்லவா? அருவியில் தண்ணீர் நன்றாக விழும். குளித்து முடித்ததும் பிள்ளைகளுக்குத் தலை துவட்டவேண்டாம் என்று ஜெஸியிடம் சொல். அப்பா வருவதற்கு முன்னால் பேரன் ஆரோனை ஓட்டுகிற சீட்டில் ஏற்றிவிடு, ஈர டிரவுசரோடு ஸ்டீயரிங்கைப் பிடித்து விளையாடட்டும். சீட்டெல்லாம் தண்ணீர் தேங்கட்டும். தாத்தா வந்து இறங்கச் சொல்லும்போது இறக்கிக்கொள். அந்தச் சீட்டை மட்டும் நீங்கள் யாரும் துடைத்துவிடாதீர்கள், அவர் அப்படியே உட்காரட்டும்.

கர்த்தர் உனக்கும் ஜெஸிக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல சுகத்தையும், பெரியவர்களைத் தலைகுனிய விடாத மனசையும் தருவாராக.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெபேக்காள்