அப்பாவின் சத்தத்தை அளந்தவளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம், உன் நலம் எப்படி என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உன் மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. ஃபோனில் பேசினால் நீ நடுவில் புகுந்து விளக்கம் சொல்வாய், கடைசியில் நீ ஜெயித்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். குறுக்கே பேசாமல் முழுக்கப் படி.

போன தடவை லீவில் வந்தபோது கூடத்து அலமாரி மேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாயே, என்னடி இது என்று கேட்டதற்கு என்ன சொன்னாய்? சத்தத்தை அளக்கிற கருவிம்மா, ஒரு வீட்டுல நாள் பூரா எவ்வளவு சத்தம் இருக்குன்னு ஆராய்ச்சிக்கு வேணும் என்றாய். தெருவில் போகிற வண்டி, மிக்ஸி, குழாய்த் தண்ணீர் இதையெல்லாம் அளக்கப்போகிறாய் என்று நம்பினேன். பேச்சையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நீ சொல்லவே இல்லை. நீ கிளம்பிப் போன பிறகும் அது அங்கேயேதான் இருந்தது, பிடித்ததையெல்லாம் நெட் வழியாக உனக்கு அனுப்பிக்கொண்டு. அப்பா தினமும் அதைத் தூசி தட்டினார், பிள்ளையின் கருவிக்குத் தொந்தரவாக இருக்குமாம், புழுக்கத்திலும் ஃபேனைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆராய்ச்சியை வைத்து நீ மேடையில் நடிக்கிற நிகழ்ச்சியை நேரலையில் பார்க்கலாம் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அத்தையைக் கூப்பிட்டார், தான் வேலை பார்க்கிற இரும்பு யார்டிலிருந்து ஃபோர்மேனைக் கூப்பிட்டார். ஆராய்ச்சின்னா லேபுல பண்ணுவாங்க, மேடையில என்ன ஆராய்ச்சிண்ணே என்று ஃபோர்மேன் கேட்டார். ஜுரம் பாக்குற கருவி ஜுரம் எவ்வளவுன்னு சொல்லும், படுத்திருக்கவனுக்கு என்ன பயம்னு சொல்லாது, கருவி விட்டுட்ட மிச்சத்தை என் பொண்ணு நடிச்சுக் காட்டுவா என்று, நீ எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்பா ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். அவ்வளவு பெருமை.

அப்புறம் நீ வந்தாய். மேடையில் இரண்டு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் மேலே கடிகாரம் மாதிரி பெரிய வட்டம், அதில் முள். ஒன்று அப்பா, ஒன்று அம்மா. விளக்கை அணைத்தார்கள், எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. கதவை யாரு தொறந்து போட்டது? என் கண்ணாடி எங்க? என்ன சொன்ன? என்ன சொன்ன? ஒவ்வொரு தடவையும் அந்த முள் சிவப்புக்கு ஓடியது, நீ அடிபட்டவள் மாதிரி கீழே விழுந்து விழுந்து எழுந்தாய். என் நாற்காலியின் முள் கடைசிவரை அசையவில்லை. இந்த வீட்டில் ஒரு பெண்ணின் குரல் கருவிக்கே எட்டவில்லை என்று சொல்லி நீ கும்பிட்டாய், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இங்கே கூடத்தில் அத்தை தரையைப் பார்த்தாள், ஃபோர்மேன் காப்பி டம்ளருக்குள் பார்த்தார். கைதட்டியது ஒரே ஆள், உன் அப்பா. முகம் முழுக்கச் சிரிப்பு. என் பக்கம் திரும்பி, ஜன்னல் அதிர, பொண்ணு கடைசியில என்ன சொன்னா என்று கேட்டார். நான் என்ன செய்வேன்? அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, உங்க குரலைக் கேட்டுத்தான் வளந்தேன்னு சொல்றா என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபோர்மேன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

உனக்கு இன்னும் புரியவில்லை என்றால் நானே சொல்கிறேன். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. இடது காது முழுக்கப் போய்விட்டது, வலதில் பாதிதான் மிச்சம். இத்தனை வருஷம் இரும்போடு இரும்பு மோதுகிற இடத்தில் கிரேன் ஓட்டினவர், தான் பேசுவது தனக்கே கேட்காமல்தான் அப்படிப் பேசுகிறார். தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றார், உன்னிடமும்தான். அதற்காக அவரோடு நான் போடாத சண்டை இல்லை. ஆளுங்க தலைக்கு மேல இரும்பைத் தொங்க விடுறீங்க, விளையாட்டா என்று கேட்டேன். கீழ நிக்கிறவன் கையைப் பாத்துத்தான் தூக்குறேன், காதை வச்சா தூக்குறேன் என்றார். அந்தக் கோபம் அவர் மேல் எனக்குத் தனியாக இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் கேட்கிறேன். மாதக்கணக்கில் பெட்டியை வைத்து அளந்தாயே, இந்த மனுஷன் ஏன் என்ன சொன்ன, என்ன சொன்ன என்றே கேட்கிறார் என்று ஒரு தடவையாவது தோன்றியதா? எது சொல்வதானாலும் நான் அடுப்பை அணைத்துவிட்டு நடந்து போய், தோளைத் தொட்டு, காதோடு காதாகச் சொல்கிறேன், வீட்டிலேயே இருந்தாயே, பார்க்கவில்லையா? காதுக்குள் சொல்கிறதை அலமாரி மேல் இருக்கிற பெட்டி எப்படிப் பிடிக்கும்? அதை வைத்து என்னை வாயில்லாதவள் ஆக்கிவிட்டாய். பஸ் ஸ்டாண்டில் மைக் முன்னால் உட்கார்ந்து பொழுதெல்லாம் அறிவிப்புச் சொல்கிறவள் நான், பாதி ஊர் என் குரலைக் கேட்டுத்தான் சரியான பஸ்ஸில் ஏறுகிறது. உன் வீடியோவைப் பார்த்துவிட்டு கவுன்ட்டர் பெண், அக்கா, வீட்டுல உங்களைப் பேசவே விட மாட்டாரா என்று கேட்கிறாள். என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாளாம். பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

அத்தைக்கு மனசு கேட்கவில்லை. மறுபடியும் வந்தவள் நீ மேடையில் சொன்னதை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லிவிட்டாள். எதுக்கு என்கிட்ட பொய் சொன்ன என்று என்னைக் கேட்டார். ஃபோர்மேன் நல்ல மனுஷர், அண்ணே, நான் மேல சொல்றதுக்கு முன்னாடி நீங்களே போய் டெஸ்ட் எடுத்துக்கங்க என்றார். எடுத்தார், கிரேனிலிருந்து இறக்கினார்கள். இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து கையுறையும் நட்டு போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறார். அதற்கு நான் அழவில்லை, அது எப்போதோ நடந்திருக்க வேண்டியது. ஆனால் அவரே மனசு வைத்து இறங்கியிருக்க வேண்டும், இப்படி ஊர் சிரிக்க இறங்கியிருக்கக் கூடாது. வீட்டில் இப்போது முணுமுணுவென்று பேசுகிறார். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, சத்தமாக இருந்ததோ என்று என் முகத்தைப் பார்க்கிறார். உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டுகிறார். இதை எதை வைத்து அளப்பாய், சொல்.

அவர் மகான் என்று நான் சொல்ல வரவில்லை. காது நன்றாக இருந்த காலத்திலும் கத்தினார், நீ குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து படித்தாய், எனக்குத் தெரியாதா? அந்த வலி உன்னுடையது, அதைச் சொல்லாதே என்று யார் சொன்னது? அவர் முகத்துக்கு நேரே சொல். அவருக்குக் கேட்காத இடத்தில் விளக்குப் போட்டுச் சொல்லாதே. வேறு ஊரில் நிகழ்ச்சியை மறுபடி போடப்போகிறேன், இன்னும் கொஞ்ச நாள் பெட்டி ஓடட்டும் என்றாயே, அதைக் கழற்றி வைத்துவிட்டேன். அவரிடம் கேட்காமல் அந்த நிகழ்ச்சி நடக்கக் கூடாது. என் நாற்காலியைப் போடுவதாக இருந்தால் என்னிடமும் கேள். என்ன பேச வேண்டுமோ நானே பேசுகிறேன், மைக் எனக்குப் புதுசு இல்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் வந்து பார்த்தார். அவளைத் திட்டாத, காது போறதுக்கு முன்னாடியும் நான் கத்தினவன்தான், அவ தப்பா ஒண்ணும் அளக்கல என்றார். எனக்கு இன்னும் கோபம் ஏறிவிட்டது. அப்பாவும் மகளும் என்னைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிக்கொள்கிறீர்கள்.

சரி, நீ நன்றாக இரு. தொழிலில் மேலே வா, நோய்நொடி அண்டாமல் இரு, உன்னைக் கோபிக்க உரிமை உள்ளவள் என்பதால் வாழ்த்தவும் எனக்குத்தான் உரிமை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அம்மாகிட்ட குடுங்க என்று சொல்லாதே, அவரிடமே பேசு. வீடியோவில் வா, முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார், வாயைப் பார்த்தால் பாதி புரிந்துகொள்கிறார். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொல். கத்தாதே, கத்தினால் வாய் கோணிப்போகும், அவருக்கு ஒன்றும் புரியாது.

கோபத்தோடும் ஆசியோடும்,
உன் அம்மா