பென்சிலால் எழுதிய இலக்கம்

இன்று காலை ஆய்வுகூடத்தில் உருகிய மெழுகின் வாசம் மூக்கில் ஏறியதும் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பைத்தியம்தான். நீர் போய் இரண்டு வருடமாகிறது.

நம் வழக்கம் உமக்கு மறந்திருக்காது. நோயாளியின் உடலிலிருந்து எடுத்த துண்டைச் சின்னப் பிளாஸ்டிக் கூட்டில் வைத்து, மேலே பென்சிலால் இலக்கம் எழுதுவோம். ஒருத்தி அதை வாசிக்க, மற்றவள் பதிவேட்டைப் பார்த்து, சரியென்றால் "ஓம்" சொல்ல வேண்டும். பிறகுதான் கூடு துண்டைப் பதப்படுத்துகிற இயந்திரத்துக்குள் போகும். ஒருநாள் பின்னேரம் எனக்கு வேலணை பஸ்ஸைப் பிடிக்கிற அந்தர அவசரம். பென்சில் முனை முறிய, இரண்டு கூடுகளில் பேனையால் எழுதிவிட்டேன். வாசித்தேன். நீர் கைப்பையை மூடிக்கொண்டே "ஓம்" என்றீர்.

மறுநாள் அந்த இரண்டும் வெறுமையாக வெளியே வந்தன. இயந்திரத்திலிருந்த மதுசாரம் பேனை மையைக் கழுவிவிட்டிருந்தது. ஒன்று நெடுந்தீவுப் பெண்ணின் மார்பிலிருந்து எடுத்தது, மற்றதும் அப்படியே, இறுப்பிட்டிக்காரியுடையது.

"பெரிய துண்டு நெடுந்தீவாளின்ரதான். எழுதிவிடுவம்," என்றேன்.

"தெரியுமோ, இல்லை நினைக்கிறீரோ?" என்று கேட்டீர்.

நான் எடுத்த பென்சிலைக் கீழே வைத்தேன்.

"எழும்பும். டொக்டரிட்டைச் சொல்லுவம். நானும் பாக்காமல்தானே ஓம் எண்டனான்."

டொக்டர் ஏசினார். பெரிய துண்டில் புற்றுநோய் இருந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பெண்களையும் திரும்ப அழைத்தார்கள். கடல் கொந்தளிப்பு, மூன்று நாள் நெடுந்தீவுப் படகு ஓடவில்லை. அந்த மூன்று நாளும் பஸ்ஸில் உம்மோடு நான் கதைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உம்மில்தான் எனக்கு ஆத்திரம்.

கடைசியில் அந்த நெடுந்தீவு மனுசி நனைந்த சேலையோடு வந்து சேர்ந்தாள். புதுத் துண்டுகளின் முடிவும் வந்தது. நோய் இறுப்பிட்டிக்காரிக்கு. நான் நினைத்தபடி எழுதியிருந்தால், ஐயோ, நெடுந்தீவாளின் மார்பையல்லவா வெட்டியிருப்பார்கள்! நீர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தீர்.

பிறகு ஒருநாள் உமது உடலிலிருந்து எடுத்த துண்டே எங்கள் மேசைக்கு வந்தது. நீர் அதைத் தொட வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! பென்சிலை வாங்கி நீரே இலக்கம் எழுதினீர். "பேனையை ஒளிச்சு வையும்," என்று பகிடி வேறு. நான் வாசித்தேன். நீர் பதிவேட்டில் விரலை வைத்து, உமது பெயரையும் இலக்கத்தையும் அவசரப்படாமல் ஆறுதலாகப் பார்த்து, "ஓம்" என்றீர்.

இன்றும் வாசித்தேன். உமது கதிரையில் இப்போது இருப்பவள் "ஓம் அக்கா," என்றாள்.

"பாத்துத்தானே சொல்லுறீர்?" என்று கேட்டேன்.