நீ அடித்துப்போட்ட ஒருவேளைகள்

நேற்று காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். பேப்பரை விரித்துக்கொண்டு என் வீட்டுக்காரர். சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த பதிப்பாளர். உன் அண்ணன் மகள். ஐந்தாவதாக நீ இருந்திருக்க வேண்டும். உன்னை எதிரில் உட்கார வைத்துக் கேட்க முடியாததால் எழுதிக் கேட்கிறேன்.

பதிப்பாளர் மேஜைமேல் வைத்தது புத்தகத்தின் அச்சுப்படி. எங்கள் மாடி அறையில் குடியிருந்துகொண்டு, எட்டு வருஷமாக நீ தமிழாக்கிய அந்த இங்கிலீஷ் நாவல். கப்பலேறிப் போன தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே கடைசிவரை காத்திருக்கிற ஓர் அக்காவின் கதை. புதுத்தாளின் வாசனை மூக்கில் ஏறியதுமே கண் கலங்கிவிட்டது எனக்கு. சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துவிட்டுத்தான் பிரித்தேன்.

முதல் பக்கத்தில் 'அவன் கப்பல் தெற்கே போய்விட்டது' என்று இருந்தது. நாம் எழுதியது 'போயிருக்கக்கூடும்'. கைதவறல் என்று நினைத்தேன். மூன்றாம் பக்கத்தில் 'அவன் என்னை மறந்துவிட்டான்' என்று இருந்தது. 'மறந்தானோ என்னவோ' என்று எழுத நாம் ஒரு முழு வெள்ளிக்கிழமையைச் செலவழித்தோம். உள்ளே போய் என் நோட்டை எடுத்து வந்தேன்.

எதையும் கணக்கெழுதாமல் எனக்கு ஓடாது என்று உனக்குத் தெரியும். பால் கணக்கு எழுதுகிற மாதிரியே ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, பக்கம், வரி, இங்கிலீஷ் வார்த்தை, தமிழ் வார்த்தை, சொன்னது யார் என்று எழுதி வைத்திருந்தேன். பெர்சான்ஸ், மேஹாப், மீதிங்க்ஸ், பெர்அட்வென்ச்சர் என்று பழைய இங்கிலீஷ் தயங்குகிற இடமெல்லாம் அதில் இருக்கிறது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அச்சுப்படியில் ஒன்றுகூட இல்லை. தெரியாது என்று இருந்த இடத்தில் எல்லாம் தெரியும் என்று இருந்தது.

பதிப்பாளரைப் பிடித்துக்கொண்டேன். செத்துப்போனவள் கேட்கமாட்டாள் என்ற தைரியமா, உங்கள் இஷ்டத்துக்கு வெட்டுவீர்களா என்று என்னென்னவோ கேட்டேன். கொடுத்த காபியைக்கூட அவர் குடிக்கவில்லை, பாவம். எங்களுக்கு வந்ததே இப்படித்தான் அம்மா, ஓர் எழுத்தையும் நாங்கள் தொடவில்லை என்றார். நான் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "இன்னாமே, நீ பெத்ததுக்கு யாரோ மொட்ட அடிச்ச மாதிரி குதிக்கிற" என்றார். அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

அப்போதுதான் உன் அண்ணன் மகள் பையைத் திறந்தாள். உன் கையெழுத்துப் பிரதி. பச்சை மை. ஸ்கேல் வைத்து அடித்த கோடுகள். கலெக்டர் ஆபீசில் குறிப்பு திருத்துகிற மாதிரி, நேராக, அவசரமில்லாமல். நூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் அடித்தது நீ.

நீயா? ஒரு வார்த்தைக்காக மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தவள் நீ. மீதிங்க்ஸ் என்பதற்கு 'நான் நினைக்கிறேன்' என்று நான் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டாய். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து ஆறு மணிக்கு வந்து, முகம் கழுவி, என் கையால் ஒரு டம்ளர் டீ வாங்கிக்கொண்டு நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"பகலெல்லாம் உறுதி செய்யப்படுகிறது, உறுதி செய்யப்படுகிறதுன்னு எழுதிட்டு வரேன்டி. சாயந்திரமாவது தெரியலன்னு சொல்ல விடு."

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைப் பார்த்தே இங்கிலீஷ் படித்தவள். சாமி இருக்கிறாரா என்றால் இருக்கிறார். அதில் என்ன 'ஒருவேளை' என்று உன்னிடம் முதலில் சண்டை போட்டவளும் நான்தான். அப்படிப்பட்ட நானே கடைசியில் 'போலும்' ஒன்றுக்காக உன்னோடு மல்லுக்கு நின்றேன். 'போலும்' கொஞ்சம் நம்பிக்கை ஜாஸ்தி, 'என்னவோ' கொஞ்சம் கம்மி என்று தராசு பிடித்தோம். அந்த அக்கா எந்தப் பக்கத்தில் எவ்வளவு நம்பினாள் என்று நமக்குத் தெரிந்திருந்தது.

ஏன் தெரிந்திருந்தது என்பதை நாம் பேசிக்கொண்டதே இல்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன உன் தம்பி, கடைசியாகப் போன் செய்தது இந்த ஊரிலிருந்து. அதற்காகத்தான் நீ இங்கே மாற்றல் கேட்டு வாங்கி வந்தாய். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மத்தியானமே கிளம்பி, அடி அண்ணாமலையில் ஒரு பூக்கடை ஓரமாக உட்கார்ந்து, கிரிவலம் போகிற முகங்களையெல்லாம் பார்ப்பாய். காவி கட்டினவர் யார் வந்தாலும் எழுந்து நிற்பாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவன் வரவேண்டும் என்று திங்கட்கிழமை விரதம் எடுத்தது நீ அல்ல, நான். பத்து வருஷம். எனக்கு அவன் முகம்கூடத் தெரியாது.

பதிப்பாளர் வெளியே போன் பேசப் போன நேரத்தில் உன் அண்ணன் மகளைக் கேட்டேன். உங்கள் அத்தை எப்போது அடித்தாள், ஏன் அடித்தாள்? அவள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தை மாசம் ஒரு லெட்டர் வந்துச்சு ஆன்ட்டி. வடக்க ஏதோ மடத்துல இருந்து. சித்தப்பா மார்கழியில தவறிட்டாராம். அத்தை ரெண்டு வாட்டி படிச்சாங்க. அன்னிக்கே பேனாவ எடுத்துக்கினு உக்காந்துட்டாங்க."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன்.

"ஆன்ட்டி விரதம் இருக்குறாங்க, அவங்ககிட்ட சொல்லிடாதன்னாங்க."

நான் நோட்டை மூடிவிட்டேன்.

தையிலிருந்து நீ போன ஆவணிவரை இருபத்தேழு திங்கட்கிழமைகள். இருபத்தேழு முறை நான் பட்டினி கிடந்து, கோயிலுக்குப் போய், திருநீறும் வில்வமும் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். நீ கண்ணில் ஒற்றிக்கொண்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைத் தூக்க முடியாதபோதுகூட நெற்றியைக் காட்டினாய். "ஒருவேளை இந்தக் கார்த்திகைக்கு வருவான்டி" என்றாய். அச்சுக்குப் போகிற தாளில் அத்தனையையும் அடித்துவிட்டு, என்னிடம் மட்டும் ஒருவேளை என்று சொல்ல உனக்கு எப்படி நா எழுந்தது?

என் மனசு தாங்காது என்று நினைத்தாயா? அப்படி நினைக்க நீ யார்? உன் அப்பா இறந்தபோது உன்னைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். உன் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது அந்த அறையில் உன்னோடு இருந்தவள் நான். இதை மட்டும் நீ தனியாக அழுதிருக்கிறாய், மாடியில், என் தலைக்கு நேர் மேலே, சத்தமில்லாமல். கீழே நான் அவனுக்காக விளக்கேற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். நீ போன பிறகும் பத்துத் திங்கட்கிழமை விரதம் இருந்துவிட்டேன்.

அது உனக்கும் எனக்கும் உள்ளது. புத்தகத்துக்கு வருகிறேன். உன் தம்பி இறந்தான். அதற்காக அந்த இங்கிலீஷ்காரியின் தம்பியை ஏன் சாகடித்தாய்? அவளுக்குத் தெரியாது. எழுதினவளே தெரியாது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைத் தெரியும் என்று மாற்ற உனக்கு அதிகாரம் இல்லை. நாம் எந்த ஊரில் இருக்கிறோம்? அடியைக் காணவில்லை என்று ஒத்துக்கொண்டவருக்கு ஒரு குறையும் வரவில்லை. முடியைக் காணாமலே கண்டேன் என்றவருக்குத்தான் கோயில் இல்லாமல் போயிற்று. நெருப்பாய் நின்ற மலைக்குக் கீழேயே உட்கார்ந்து நீ இந்த வேலையைச் செய்திருக்கிறாய்.

பதிப்பாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். புதன்கிழமை வரை அவகாசமும் கேட்டேன். இரண்டில் எது அச்சுக்குப் போகவேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் ஆன்ட்டி என்று உன் அண்ணன் மகள் எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். நேற்று மத்தியானம் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினேன். கோபத்தில் இரண்டு முறை பென்சில் முனை உடைந்தது. இன்று காலைக்குள் நூற்றுப் பதினொன்று முடிந்தது. உன் பச்சைக் கோட்டின்மேல் என் எழுத்து. நீ இருந்திருந்தால் அசிங்கமாக இருக்கிறது என்பாய்.

கடைசி வரியில் நிற்கிறேன். மற்ற இடங்களில் ஒரு சொல்லைத்தான் அடித்தாய். இங்கே முழு வரியையும் அடித்துவிட்டு, மேலே புதிதாக எழுதியிருக்கிறாய். நாம் எழுதியது: 'ஒருவேளை அவன் வந்துகொண்டிருக்கலாம், எனக்குத் தெரியாது.' நீ எழுதியது: 'அவன் வரமாட்டான். நான் கதவைச் சாத்திவிட்டேன்.' இங்கிலீஷில் கதவே இல்லை. மூன்று முறை தேடிப் பார்த்துவிட்டேன்.

அதைப் படித்தபோதுதான் நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. உன் கையெழுத்து அந்த வரியில் மட்டும் கோணலாக இருக்கிறது. என்னிடம் சொல்லாததை அங்கே சொல்லியிருக்கிறாய். அழித்தால் நீ சொன்ன ஒரே வார்த்தையை அழித்தவள் ஆவேன். விட்டால் எழுதினவளுக்குத் துரோகம். பென்சிலை வைத்துவிட்டேன். கோபம் போகவில்லை, வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது இல்லாவிட்டால் உன்னோடு பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது.

புதன்கிழமை பத்து மணிக்கு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார். அந்த ஒரு வரிக்கு மட்டும் என்ன செய்யட்டும் என்று நீயே சொல். கனவில் வந்தாலும் சரி, வேறு எப்படி என்றாலும் சரி. சுற்றி வளைக்காதே. சீக்கிரம் பதில் போடு.