இரண்டு பக்கத்துப் பெயர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? செய்தி பார்த்து டிவியோடு சண்டை போடுவதைக் குறைத்தீர்களா? நான் நலம்.

எங்கள் செய்திப் பிரிவில் சின்னப் பிரச்சினை. இஸ்ரேலில் இறந்தவர்களுக்குப் பெயர், வயது, படம் போட்டோம். காஸாவில் இறந்தவர்களுக்கு வெறும் எண்ணிக்கை. இரண்டு இடத்தில் சரிபார்த்து அவர்கள் பெயர்களையும் சேர்த்தேன்.

"இதென்னக்கா கல்யாணப் பத்திரிகையா, பேர் பேரா போடுறதுக்கு?" என்றார் என்னைவிட வயதில் சின்னவரான செய்தி ஆசிரியர்.

"இஸ்ரேல்ல செத்தவங்களுக்குப் போட்டோமே தம்பி" என்றேன்.

ஒருபக்கம் சாய்ந்தது என் தவறு என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லையென்றால் வேலை இல்லை.

கவலைப்படாதீர்கள். மூன்று நாளாகச் சரியாகத் தூக்கமில்லை, அவ்வளவுதான். வேறு வேலைக்கு விண்ணப்பிக்க என் பட்டச் சான்றிதழ் நகலை அனுப்பிவையுங்கள்.

அப்பா, வியாழக்கிழமை கூப்பிட்டு "வந்துடும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

அவசரத்தில்,
உங்கள் மகள்