அவர் ஓட்டிய ராட்டினம்

ஞாயிறு, இரவு பதினொன்று.

மூடிக்கிடக்கும் தீம் பார்க்கைப் பார்க்கவேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் ஊர் பெக்கான் நானாஸிலிருந்து மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். பதினெட்டு வருடம் அவர் ராட்டினம் ஓட்டிய இடம். டிக்கெட் விற்ற என்னை, ஆளில்லாத நேரத்தில் உச்சியில் நிறுத்திவைத்துக் கீழிருந்து சிரிப்பார். இப்போது ராட்டினத்தில் பெட்டிகளே இல்லை. காட்டுக்கொடி படர்ந்து ஏறிக்கிடக்கிறது.

வாசல் காவலாளி நம் தமிழ் ஆள். "அடுத்த வாரம் எல்லாத்தையும் உடைக்கிறாங்க, அங்கிள். கொண்டோ வீடுங்க வருது லா."

"அப்ப பழைய ஆளுங்கள எப்பக் கூப்பிடுவாங்க?" என்று இவர் கேட்டார். காவலாளி என்னைப் பார்த்தார். நான் மோட்டாரைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய வேலைச் சட்டையை எடுத்து நீட்டினார். "அயர்ன் பண்ணி வையிம்மா. திடீர்னு கூப்பிட்டா போகணும்ல?"

வேறு வேலைக்குப் போங்கள் என்று மூன்று வருடமாகச் சண்டை போட்டவள் நான். இன்று சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்தேன்.